நிலக்கரியும் தேயிலையும்: லான்ஸ் கால்பந்துக் கழகத்தை மூணாறிலிருந்து வாசித்தல்

மூணாறில் தோட்ட அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு இன்றும் ஃபின்லே என்றுதான் பெயர். ஜேம்ஸ் ஃபின்லே என்ற ஸ்காட்லாந்துக் கம்பெனி தன் பங்குகளை விற்றுவிட்டு 1983இல் இம்மலையை விட்டுப் போய்விட்டது. அதன்பின் டாட்டா டீ வந்தது; 2005இல் ஊழியர்களையே பங்குதாரர்களாகக் கொண்ட கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் வந்தது. முதலாளியின் பெயர் மூன்று முறை மாறியபோதும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. பழைய மூணாறு மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் அணிக்காகத் திரள்கிறது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கம்பெனி போனபின் கம்பெனி வளர்த்த ஆட்டம் யாருடையதாகிறது? இக்கேள்வியை எழுப்பிப் பார்க்க மிகப் பொருத்தமான ஒப்பீடு, நான் அறிந்தவரை, பிரான்சின் வடகோடியில் உள்ள லான்ஸ் நகரத்தின் ரேசிங் கிளப் ஆகும். பாரிஸ், மார்செய், லியோன் ஆகிய கழகங்களின் பெயர்கள் நம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சி வழியே அறிமுகம். லான்ஸ் அவ்வளவாக அறிமுகமில்லை. ஆனால் தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி, வால்பாறைப் பக்கத்து மாணவர் ஒருவர் அந்நகரத்தின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் ஒன்றை உடனே அடையாளம் காண்பார்: ஒரே அளவில், ஒரே நிறத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளின் நீண்ட வரிசை. பிரெஞ்சில் அதற்குக் கொரோன் என்று பெயர். நமக்கு அது லயம்.

லான்ஸ் நிலக்கரிக் கம்பெனி 1852இல் நிறுவப்பட்டது. அதற்கு முன் அது ஒரு சிறிய சந்தை ஊர். சுரங்கக் குழிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்தார்கள். குழியைச் சுற்றி வீட்டு வரிசைகளையும், பள்ளியையும், தேவாலயத்தையும், மருத்துவ நிலையத்தையும் கம்பெனியே கட்டியது. வேலை போனால் வீடும் போகும். இதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1877 ஜூலையில், ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆள் கட்டி, போடி வழியாக மலையேற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கீழே குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்றன. ஆட்சியால் திருவிதாங்கூரையும் பிழைப்பால் தமிழ்நாட்டுச் சமவெளியையும் நோக்கிய நிலம் அது. அந்த இரட்டை முகம் 1956 நவம்பர் 1இல் மொழிவாரி எல்லை வரையப்பட்டபோது தீர்க்கப்பட்டதாகக் கோப்புகள் சொல்கின்றன. அங்கு வாழ்பவர்களுக்கு அது தீர்ந்ததாக நான் கருதவில்லை.

லான்ஸ் கழகத்தின் பிறப்பு ஆண்டு 1906. அந்த ஆண்டின் பெயரைச் சுரங்கப் பகுதியில் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கால்பந்து அன்று. மார்ச் 10ஆம் நாள் காலை, லான்ஸுக்குக் கிழக்கே கூரியர் கம்பெனியின் சுரங்கங்களில் நிலக்கரித் தூசு தீப்பற்றி வெடித்தது. 1,099 பேர் இறந்தனர். ஐரோப்பியச் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. மீட்புப் பணி கைவிடப்பட்டபின், இருபது நாள் கழித்து, 13 பேர் உயிரோடு தாமாகவே வெளியே வந்தனர். கம்பெனி ஆட்களைக் காட்டிலும் கரியைக் காக்கவே விரைந்தது என்ற கோபம் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது.

அதே ஆண்டில் லான்ஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் பள்ளி இளைஞர் சிலர் பந்து உதைக்கத் தொடங்கினர். அச்சதுக்கத்துக்குப் பசுமைச் சதுக்கம் என்று பெயர். பசுமைக்காக ஒரு பச்சையும் கரிக்காக ஒரு கறுப்பும் சேர்ந்து முதல் சீருடை அமைந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. இவ்விளைஞர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் அல்லர். கடைக்காரர், எழுத்தர் போன்ற நடுத்தரக் குடும்பத்தவர். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மாரியோன் ஃபொன்தேன் 2010இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் வலியுறுத்தும் புள்ளி இதுவே. சுரங்கத்தாரின் கழகம் என்று உலகம் இன்று அறியும் லான்ஸ், தொடக்கத்தில் சுரங்கத்தாரின் கழகமாக இருக்கவில்லை, அவ்வாறு ஆனது. அது எப்போது, யாரால் ஆனது என்று கேட்பதே வரலாற்றாசிரியரின் வேலை. சமூகச் சின்னங்களை ஆதி தொட்டு அப்படியே இருந்தவையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் வட்டார வரலாற்று எழுத்திலும் மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் லான்ஸ் தரைமட்டமானது. சுரங்கங்கள் நீரில் மூழ்கடிக்கப்பட்டன. எல்லாவற்றையும் மறுபடி கட்டவும் தோண்டவும் ஆட்கள் வேண்டும். பிரான்சில் ஆண்கள் குறைந்துபோயிருந்தனர். 1919 செப்டம்பரில் பிரான்சும் போலந்தும் ஆள் அனுப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. போலந்திலிருந்து நேரடியாகச் சிலரும், ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த போலந்துக் குடும்பங்கள் பலவும் வந்து சேர்ந்தன. அவர்கள் தங்கள் பாதிரியாரையும் ஆசிரியரையும் பாட்டுக் குழுவையும் உடற்பயிற்சிக் கழகத்தையும் கால்பந்து அணியையும் கூடவே கொண்டுவந்தனர். சில குடியிருப்புகளில் தெருவில் போலிஷ் மொழி மட்டுமே ஒலித்தது. கங்காணி முறையும் இதுவும் ஒன்றல்ல. போலந்துக்காரர்கள் இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் கீழ் வந்தார்கள். நம்மவர்கள் முன்பணக் கடனின் கீழ் வந்தார்கள். ஆயினும் வந்து சேர்ந்த இடத்தில் இருவருக்கும் கிடைத்தவை ஒத்திருந்தன: கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, மேலதிகாரியின் மொழி வேறு, தன் மொழி வேறு.

வேண்டும்போது அழைத்தவர்கள் வேண்டாதபோது அனுப்பியும் விட்டார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் போலந்துத் தொழிலாளர்கள் குடும்பங்களோடு ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் லெஃபோரே சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் உடனடியாக நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் ஓர் இளைஞர் எட்வர்ட் கியெரெக். 1970இல் போலந்தின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரானவர் அவரே. இப்பகுதியைப் படிக்கும்போது 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமும், கண்டி மலைத்தோட்டங்களிலிருந்து மண்டபம் வந்து இறங்கிய மக்களும் நம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

கழகத்தின் சிவப்பு – மஞ்சள் நிறம் 1924இல் வந்தது. அன்றைய தலைவர் பியேர் மோக்லியா, போரில் சிதைந்த செயின்ட் லெஜே தேவாலயத்தின் அருகே செல்கையில், அது இப்பகுதியில் ஸ்பானிய ஆட்சியின் எச்சம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஸ்பானியக் கொடியின் நிறங்களைத் தேர்ந்தார் என்பது கதை. இரத்தமும் பொன்னும் என்று ஆதரவாளர்கள் அந்நிறங்களைச் சொல்வார்கள். கதையின் உண்மை எவ்வாறாயினும், இரத்தத்தைச் சுரங்கத்தோடும் பொன்னைக் கரியோடும் இணைத்துப் பொருள் கொண்டது பிற்காலம்.

கம்பெனி கால்பந்துக்குள் நுழைந்தது 1930களில். உலக மந்தத்தால் சுரங்கங்களில் வேலை குறைந்தபோது, வேலை இழந்த தொழிலாளர்களைக் கொண்டே லான்ஸ் கம்பெனி ஒரு விளையாட்டரங்கத்தை எழுப்பியது. 1933இல் அது திறக்கப்பட்டது. கம்பெனியின் வணிக இயக்குநர் ஃபெலிக்ஸ் பொலேர் பெயர் அதற்கு இடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1934இல், கழகம் தொழில்முறைக் கழகமாயிற்று. ஆட்டக்காரர்கள் கம்பெனியின் பணிப்பட்டியலில் இருந்தார்கள்; குழிக்குள் இறங்காமல் தரைமேல் இலகுவான வேலை, மாலையில் பயிற்சி. 1937இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள்.

கம்பெனி ஏன் இவ்வளவு செலவிட்டது? இதற்கு இரண்டு விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. ஒன்று, தொழிலாளரைச் சங்கத்திலிருந்தும் சாராயக் கடையிலிருந்தும் விலக்கி ஞாயிற்றுக்கிழமையை நிரப்புவது. இரண்டு, வெவ்வேறு மொழிகளைப் பேசும் மக்களைக் கம்பெனியின் பெயரால் ஒரே கூட்டமாக்குவது. இரண்டுமே மேலிருந்து பார்க்கும் விடைகள். ஸ்டேடியத்தில் நின்றவர் என்ன நினைத்தார் என்பதை அவை சொல்வதில்லை. 1941 மே மாத இறுதியில், நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்புக்கு உள்ளேயே, இப்பகுதியின் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதாகினர், பலர் ஜெர்மனிக்கு நாடு கடத்தப்பட்டனர். கால்பந்து அவர்களை அடங்கிய மக்களாக்கிவிட்டது என்ற வாதம் இங்கே நிற்பதில்லை. கேடயத்துக்காகக் கைதட்டும் கையே வேலையையும் நிறுத்தும். மூணாற்றுக்கும் இது பொருந்தும், பின்னர் வருகிறேன்.

ஆட்டக்காரர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பெயர்களில்தான் இக்கழகத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. ஸ்தானிஸ் என்று அழைக்கப்பட்ட ஸ்டெஃபான் டெம்பிட்ஸ்கி ரூர் பகுதியில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்து, பிரான்சில் சுரங்கத் தொழிலாளியாக வளர்ந்தவர். 1942 டிசம்பரில் பிரெஞ்சுக் கோப்பைப் போட்டியொன்றில் லான்ஸ் எதிரணியை 32–0 என வென்றது. அதில் 16 கோல்கள் அவருடையவை. மரியான் விஸ்னியெவ்ஸ்கி பதினாறு வயதில் லான்ஸ் அணிக்குள் வந்து, 1958 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற பிரெஞ்சு அணியில் ஆடினார். இலக்குக் காவலர் அர்னோல்ட் சோவின்ஸ்கி பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் இருந்தார். அதே 1958 அணியின் மையமாக விளங்கி, அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வென்ற ரேமோன் கோபா, லான்ஸுக்கு அருகே நூ-லெ-மின் என்னும் ஊரில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் இடக்கை விரலின் ஒரு பகுதியை இழந்தார். கோபாஷெவ்ஸ்கி என்ற குடும்பப் பெயர் ஆடுகளத்தில் சுருங்கிக் கோபா ஆயிற்று. தம் வாசலில் வளர்ந்த இப்பிள்ளையை லான்ஸ் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஆஞ்சே போய், அங்கிருந்து ரான்ஸ், பின்னர் ரியல் மாட்ரிட் போனார்.

1958 என்றவுடன் நம் பக்கத்தையும் திரும்பிப் பார்க்கலாம். அவ்வாண்டுதான் தேவிகுளம் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடினார். அவ்வாண்டுதான் மூணாற்றுத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். தாம் வாக்களித்து அமைந்த அரசின் காவல் துறையே சுட்டது என்பது அத்தலைமுறையின் ஆறாத புண்.

போருக்குப்பின் பிரெஞ்சுச் சுரங்கங்கள் நாட்டுடைமையாகின. கம்பெனியின் இடத்தில் அரசு நிலக்கரி நிறுவனம் வந்தது. கழகத்துக்கான ஆதரவும் கைமாறித் தொடர்ந்தது. 1948 கோப்பை இறுதியாட்டத்தில் அண்டை நகரமான லீலிடம் 3–2 எனத் தோற்றார்கள். 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன் பட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றார்கள். பிறகு சரிவு. எண்ணெயும் இறக்குமதிக் கரியும் வந்து வடக்குச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படத் தொடங்கின. 1968இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1969இல் நிலக்கரி நிறுவனம் கழகத்துக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது; கழகம் தொழில்முறைத் தகுதியைக் கைவிட்டு அமெச்சூர் நிலைக்குச் சென்றது.

நம் கேள்விக்கு முக்கியமான கட்டம் இதுதான். கம்பெனிக் கழகங்கள் பெரும்பாலும் கம்பெனியோடு மறையும். லான்ஸ் மறையவில்லை. 1966 முதல் நகரத் தந்தையாக இருந்த சோசலிஸ்டு ஆந்த்ரே தெலெலி, கழகத்தை நகராட்சியின் பொறுப்பாக ஏற்றார். பொது வரிப்பணத்தை ஆட்டத்துக்குச் செலவிடலாமா என்ற கேள்வி எழாமலில்லை. சுரங்கம் மூடிய ஊரில் எஞ்சியிருக்கும் பொதுச் சொத்து இது ஒன்றே என்பதுதான் அச்செலவின் உட்பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன். தொழிலாளர் கட்டிய அரங்கத்தை நிலக்கரி நிறுவனம் ஒரே ஒரு ஃபிராங்க் என்ற அடையாள விலைக்கு நகரத்துக்குக் கொடுத்தது. 1973இல் அணி மறுபடி முதல் பிரிவுக்கு ஏறியது. போலந்திலிருந்து வந்த ஃபாபெரும் கிரெகோர்ச்சிக்கும் அவ்வணியில் இருந்தனர். பேரன்மார் பிரெஞ்சுக்காரராகிவிட்ட ஊரில் மறுபடி போலிஷ் பெயர்கள் முழங்கின.

1974 டிசம்பர் 27இல் பக்கத்து ஊரான லியேவேனில் சுரங்க வெடிப்பில் 42 பேர் மாண்டனர். 1990 டிசம்பர் 21இல் உவாஞி என்னுமிடத்தில் வடக்குப் பகுதியின் கடைசிக் கரி வெட்டி எடுக்கப்பட்டது. அரங்கத்தில் 'லெ கொரோன்' என்ற பாடலை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் வழக்கம் இப்போதும் உண்டு. பியேர் பாஷலே 1982இல் வெளியிட்ட அப்பாடல் லயத்து வீட்டைப் பற்றியது, சுரங்கத்தில் உழைத்த தந்தையைப் பற்றியது. சுரங்கம் மூடிக்கொண்டிருந்த காலத்துப் பாடல் அது என்பதைக் கவனிக்க வேண்டும். சுரங்கம் ஓடிய நாட்களில் சுரங்கத்தைப் பற்றி ஸ்டேடியத்தில் பாட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஃபொன்தேன் சொல்வது இங்கே உறுதிப்படுகிறது: தொழில் தேய்ந்த அளவுக்குக் கழகத்தின் சுரங்க அடையாளம் வளர்ந்தது.

1998 மே 9இல் லான்ஸ் தன் ஒரே பிரெஞ்சு சாம்பியன் பட்டத்தை வென்றது. ஓசேரில் ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது; மெட்ஸ் அணியும் அதே 68 புள்ளிகள் பெற்றிருக்க, கோல் வித்தியாசம் முடிவு செய்தது. அடுத்த மாதம் அதே அரங்கத்தில் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். அரங்கத்தின் இருக்கைகள் அதைவிட அதிகம். ஊரே உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சும் அரங்கம் ஐரோப்பாவில் அரிது. பிற்காலத்துச் செய்திகளை விரிக்கவில்லை: வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் வந்து பணம் வற்றிப் போனது, 2015 இறக்கம், 2016இல் வேறொரு முதலீட்டாளர், 2023இல் பாரிஸுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் இரண்டாமிடம்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விட முடியாது. 2008இல் பாரிஸ் அணியோடு நடந்த லீக் கோப்பை இறுதியாட்டத்தில், பாரிஸ் ஆதரவாளர் சிலர் வடக்கு மக்களை இழிவுபடுத்தும் நீண்ட பதாகையை விரித்தனர். அதிலிருந்த வசைச் சொற்களுள் ஒன்று, வேலையற்றவர்கள் என்பது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரு நாட்டுக்கே கரி வெட்டிக் கொடுத்த மக்களை, கரி தீர்ந்தபின் வேலையற்றவர் என்று ஏசலாம் என்ற மனநிலை எங்கிருந்து வருகிறது? 'பாண்டி' என்ற சொல் எல்லைக்கு மேற்கே எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பதை கொழிஞ்சாம்பாறையிலோ தேவிகுளத்திலோ வளர்ந்த எவரும் அறிவர். கேரளத்தின் ஏற்றுமதிக் கணக்கில் தேயிலையாக வருபவர், பேச்சு வழக்கில் வெளியாள் ஆகிவிடுகிறார்.

இப்போது மூணாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியையும் முதலாளியின் கடமைகளுள் சேர்த்தது. ஆகவே தோட்டத்து மைதானத்தைத் துரையின் கருணை என்று மட்டும் பார்ப்பது பிழை. அது சட்டப்படி தொழிலாளருக்கு வர வேண்டியதும் ஆகும். ஆனால் லான்ஸில் நடந்தது போல் தோட்ட அணியொன்று தொழில்முறைக் கழகமாக வளரவில்லை. அதற்கு ஒரு காரணம் கேரளக் கால்பந்தின் பொது அமைப்பிலேயே உள்ளது. இங்கே ஆட்டக்காரருக்குச் சோறு போட்டவை துறை அணிகளும் தொழிற்சாலை அணிகளும்: பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம், மின்வாரியம், 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளக் காவல் துறை அணி. சென்னையிலும் அப்படியே: இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். நல்ல ஆட்டக்காரனுக்கு இலக்கு கழகம் அன்று, அரசு வேலை. லயத்திலிருந்து வெளியேறும் வாசலாகவும் அது இருந்தது.

கேரளத்தின் முதல் தொழில்முறைக் கழகமான எஃப்.சி. கொச்சின் 1997இல் தோன்றி, முதல் ஆண்டிலேயே டியூராண்ட் கோப்பையை வென்றது. 1997–98 தேசிய லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் அக்கழகத்துக்காக ஆடிய தமிழர் ராமன் விஜயன். சில ஆண்டுகளுக்குள் நிதி நெருக்கடியில் அக்கழகம் கரைந்துபோனது. அதைத் தாங்கிப் பிடிக்க அங்கே ஒரு தெலெலி இல்லை. இன்னும் சரியாகச் சொன்னால், தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் ஓர் ஊர் அதற்கு உருவாகும் முன்பே பணம் தீர்ந்துவிட்டது. ஃபின்லே கேடயமோ பணமே இல்லாத ஆட்டம். அதற்கு ஊர் இருக்கிறது, அதனால் நிற்கிறது.

எனினும் லான்ஸோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு உறுத்துகிறது. பிரெஞ்சுச் சுரங்கம் மூடியது; வீட்டு வரிசைகள் பழுதுபார்க்கப்பட்டு, 2012இல் அச்சுரங்கப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மூணாற்றில் தொழில் மூடவில்லை. லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். 2005க்குப் பின் தொழிலாளியின் கையில் பங்குப் பத்திரம் உண்டு, வீட்டுப் பட்டா இல்லை. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் தோட்ட வேலையை ஏற்றால் தங்கலாம். கொரோன் வீட்டுக்கும் ஒரு காலத்தில் இதே விதிதான்.

2015 செப்டம்பரில் போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை, பொம்பிளை ஒருமை என்ற பெயரில் ஒன்பது நாள் நின்று 20 விழுக்காட்டைப் பெற்றார்கள். கால்பந்து வரலாற்றில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். தோட்டத்தின் பெயரால் ஒன்றுதிரளும் பழக்கத்தைக் கேடயப் போட்டி ஆண்களுக்குத் தந்தது. அப்பெண்களோ எஸ்டேட் வாரியாக வந்தார்கள், எஸ்டேட் எல்லைகளைக் கடந்து அமர்ந்தார்கள். ஆட்டம் வகுத்த கோடுகள் அங்கே கலைந்தன.

2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். கூரியர் விபத்தின் பெயர்களை அவ்வூர்ச் சதுக்கங்களில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். வேலையும் வீடும் ஒரே இடத்தில், ஒரே முதலாளியிடம் இருக்கும் வாழ்வில் இயற்கைச் சீற்றமும் தொழில் விபத்தும் எங்கே பிரிகின்றன என்பதை ஆய்வாளர்கள் இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டும். பெட்டிமுடியில் இறந்தவர்கள் வேலைநேரத்தில் இறக்கவில்லை. ஆனால் வேலையின் பொருட்டு அங்கே உறங்கினார்கள்.

லான்ஸ் அரங்கத்தின் பெயர் 2012இல் மாற்றப்பட்டது. கம்பெனி இயக்குநரின் பெயரை நீக்கவில்லை; அவ்வாண்டு மறைந்த நகரத் தந்தையின் பெயரை அதோடு சேர்த்து, பொலேர்-தெலெலி அரங்கம் என்றார்கள். கட்டியவர்களின் பெயர் அதில் இல்லை என்று குறை சொல்லலாம். இருப்பினும், கொடுத்தவர், காத்தவர் என்ற இரு கட்டங்களும் அப்பெயரில் வரலாறாகப் படிந்திருக்கின்றன. ஃபின்லே கேடயத்தில் இப்போதைக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்காக ஒன்று. ஃபின்லே கம்பெனியின் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மூணாற்றைப் பற்றிக் கம்பெனி என்ன நினைத்தது என்பதை அங்கே படிக்கலாம். ஆடியவர்களோ ஓய்வு பெற்றதும் மலையிறங்கிவிட்டார்கள்: தேனி, தென்காசி, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய தகரப் பெட்டிகளில் அணியின் குழுப் படங்கள் உள்ளன. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அவ்வாறு ஒரு படத்தில் நின்றிருந்தால், படத்தைப் படியெடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஆண்டும் எஸ்டேட்டின் பெயரும் நின்றவர்களின் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.